கோயில் குழுவில் பொறுப்பு வந்துவிட்டதா? எதைப் படிப்பது, எந்த வரிசையில், என்ன செலவில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கோயில் குழுவிலோ தமிழ்ச் சங்கத்திலோ புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால் உங்கள் பெயரை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் செயலாளர் பதவி வந்தது. முதல் வாரமே, எல்லாவற்றையும் முறையாக நடத்திவிட வேண்டும் என்ற வேகத்தில் புத்தகக் கடைக்குப் போய் தலைமைத்துவம், விழுமியம், நிறுவனப் பண்பாடு என்று ஏழு தடிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தேன். 2,600 ராண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஆறு மாதத்தில் படித்து முடித்தது ஒன்றரைப் புத்தகம். அதே ஆறு மாதத்தில் குழுவில் நான்கு சண்டை. ஒன்றுக்கும் அந்த ஏழும் உதவவில்லை.

புத்தகங்கள் நல்லவைதான். நான் எடுத்த வரிசைதான் தலைகீழ். அடுத்த ஆண்டு வேறு மாதிரி செய்தோம்: ஆறு பேர், பத்து வாரம், தலைக்கு 250 ராண்டுக்குள். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். விழுமியம் என்ற சொல் கனமாக இருந்தால், கூட்டத்துக்குக் கூட்டம் ‘வேல்யூஸ், வேல்யூஸ்’ என்கிறார்களே, அதேதான்.

1. முதலில் உங்கள் சொந்த அலமாரி

ஒரு புத்தகமும் வாங்காதீர்கள். முதல் மூன்று வாரமும் உங்கள் அமைப்பின் தாள்களை மட்டும் படியுங்கள். தேட வேண்டியவை: அமைப்பு விதிகள், பதிவுச் சான்றிதழ், கடைசி மூன்று ஆண்டுகளின் கூட்டக் குறிப்பேடு, வங்கிக் கணக்கு விவரம், சமூக மேம்பாட்டுத் துறைக்குக் கடைசியாக அனுப்பிய ஆண்டறிக்கை.

இது எளிதாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அலமாரிச் சாவி முன்னாள் செயலாளர் வீட்டில் இருக்கும். அவர் ஜொஹானஸ்பர்க்கில் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். எங்கள் ரசீதுகள் எல்லாம் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன. ரப்பர் பேண்டு உருகி ரசீதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சாவி கேட்கும்போது, “கணக்குப் பார்க்க வேண்டும்” என்று சொல்லாதீர்கள், சந்தேகப்படுவதாக நினைப்பார்கள். “அண்ணே, நீங்கள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறேன்” என்று கேளுங்கள். அது பொய்யும் இல்லை.

ஆண்டறிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1997ஆம் ஆண்டின் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருந்தால், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் செயல்பாட்டு அறிக்கையும் நிதிக் கணக்கும் துறைக்குப் போக வேண்டும். பிப்ரவரியில் கணக்கு முடிப்பவர்களுக்கு நவம்பர் கடைசிதான் கெடு. விட்டுவிட்டால் பதிவே ரத்தாகக்கூடும். இந்தப் பதிவுக்குத் துறை கட்டணம் வாங்குவதில்லை. ‘ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’ என்று யாராவது கேட்டால் அது இடைத்தரகருக்குப் போகும் காசு.

தாள்கள் கைக்கு வந்ததும் ஒரு பென்சில் எடுங்கள். குறிப்பேட்டில் மூன்றே விஷயங்களுக்குக் கோடு போடுங்கள். யாருடைய புகாருக்குப் பதில் கிடைத்தது, யாருடையது தள்ளிப்போனது? எந்தச் செலவு பேச்சே இல்லாமல் நிறைவேறியது? யார் விலகினார்கள், அதை எப்படி எழுதியிருக்கிறார்கள்?

எங்கள் குறிப்பேட்டில் வயதான ஆயா ஒருவர், கால் கழுவும் இடத்துப் படியில் கைப்பிடி வேண்டும் என்று நான்கு கூட்டங்களில் கேட்டிருக்கிறார். நான்கிலும் ‘கவனிக்கப்படும்’ என்று எழுதியிருந்தது. மூன்றாவது கூட்டத்தில் 18,000 ராண்டுக்கு ஒலிபெருக்கி வாங்க ஒப்புதல், மொத்தமே இரண்டு வரியில். எங்கள் அமைப்பு விதிகளின் முதல் பக்கத்தில் ‘முதியோர் நலன்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அடுத்து வரும் எல்லாப் புத்தகத்துக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

2. குறளில் நான்கே அதிகாரம்

செலவு எதுவும் இல்லை. வீட்டில் ஒரு குறள் புத்தகம் கட்டாயம் இருக்கும். இல்லாவிட்டால் மதுரைத் திட்டத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. படிக்க வேண்டியவை: நடுவு நிலைமை 12, இறைமாட்சி 39, பெரியாரைத் துணைக்கோடல் 45, தெரிந்து வினையாடல் 52. நாற்பது குறள், இரண்டு வாரம்.

மன்னனுக்குச் சொன்னது நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். ‘செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ என்ற 389ஆம் குறளைப் படியுங்கள். காது கசக்கும் பேச்சைப் பொறுத்துக்கொள்கிற தலைவன் யார் என்று உங்கள் குழுவை ஒரு சுற்றுப் பாருங்கள். 448 இன்னும் கடுமை: இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுக்க யாரும் இல்லாவிட்டாலும் கெடுவான். எங்கள் குழுவில் விலகிப்போன மூன்று பேருமே இடித்துச் சொன்னவர்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. குறள் என்றால் நம் ஆட்களுக்குச் சொற்பொழிவு வந்துவிடும். ஒருவர் எழுந்தால் இருபது நிமிடம். அதனால் ஒரு விதி வைத்தோம்: குறளைச் சொல்லலாம், விளக்கம் கூடாது, குறிப்பேட்டில் எந்த வரிக்கு அது பொருந்துகிறது என்று விரலால் காட்ட வேண்டும். சத்தம் பாதியாகக் குறைந்தது.

இளையவர்களுக்குத் தமிழ் எழுத்து வராது என்று அவர்களை ஒதுக்காதீர்கள். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்தே அழகாகப் பாடும் பிள்ளைகள் இவர்கள். குறளையும் அப்படியே அச்சடித்துக் கொடுங்கள்.

3. சத்திய சோதனையில் டர்பன் அத்தியாயங்கள்

நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான். முழுப் புத்தகமும் வேண்டாம். இரண்டாம் பாகத்தில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பற்றிய அத்தியாயம், மூன்றாம் பாகத்தில் 1901இல் காந்தி இந்தியா திரும்பும் அத்தியாயம். இரண்டும் சேர்ந்து பத்துப் பதினைந்து பக்கம் வரும்.

காந்தி என்றதும் சத்தியம், அகிம்சை என்று பெரிய சொற்களாகத்தான் நமக்குத் தோன்றும். இந்த அத்தியாயத்தில் இருப்பவரோ சந்தா வசூலிக்க அலையும் ஒரு செயலாளர். 1894இல் காங்கிரஸ் தொடங்கியபோது மாதச் சந்தா குறைந்தது ஐந்து ஷில்லிங். முதலில் உற்சாகமாகக் கொடுத்தார்கள், போகப்போக நடையாய் நடக்க வேண்டியதாயிற்று. டர்பனுக்கு வெளியே இருப்பவர்களிடம் இன்னும் மோசம். கடைசியில் மாதச் சந்தாவை விட்டுவிட்டு, ஆண்டுக்குக் குறைந்தது மூன்று பவுன், அதையும் முன்கூட்டியே என்று மாற்றினார்கள். பண விஷயம் தவிர மற்றவற்றில் மக்களின் வாக்கை நம்பலாம் என்று அவர் எழுதுவதைப் படித்துச் சிரித்தேன். கடன் வாங்கிப் பொதுக்காரியம் செய்வதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருக்கிறார். ரசீது யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வற்புறுத்திக் கொடுத்திருக்கிறார்கள். நான் உடனே எங்கள் ஐஸ்கிரீம் டப்பாவைத்தான் நினைத்தேன்.

இரண்டாவது அத்தியாயம் பொன்னாடை, நினைவுப் பரிசு பழக்கம் உள்ள எல்லாக் குழுக்களுக்கும் வேண்டியது. 1901இல் விடைபெறும்போது அவருக்குத் தங்கம், வெள்ளி, வைரம் என்று பரிசுகள் குவிகின்றன. கஸ்தூரிபாவுக்கு ஐம்பது கினி விலையில் ஒரு தங்க மாலை. அன்றிரவு தூக்கமில்லாமல் நடக்கிறார். பிறகு எல்லாவற்றையும் சமூகத்துக்கே திருப்பித் தருவதென்று முடிவெடுத்து, அறக்கட்டளைப் பத்திரம் எழுதி வங்கியில் வைக்கிறார். இதோடு நிறுத்திவிட்டுக் கை தட்டாதீர்கள். நடுவில் கஸ்தூரிபா போடும் சண்டையையும் படியுங்கள். மாலை கொடுத்தது எனக்கு, உங்களுக்காக இரவு பகலாக உழைத்தேனே, அது சேவை இல்லையா என்கிறார் அந்த அம்மா. எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டதாகக் காந்தி எழுதுகிறார். ஒருவருடைய கொள்கைக்கு விலையைப் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் வேறொருவர்தான் கொடுக்கிறார். எங்கள் வாசிப்பில் பெண்கள் மூவரும் கஸ்தூரிபா கட்சி. தலைவருடைய மனைவி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அன்றைய வாதம்தான் பத்து வாரத்திலும் உயிருள்ள வாதம்.

எங்கே வாங்குவது? தமிழ்ப் பதிப்பு தமிழ்நாட்டில் மலிவு. ஆனால் ஒரு பிரதிக்காக அங்கிருந்து கூரியரில் வரவழைக்காதீர்கள். கூரியர் கட்டணம் புத்தக விலையைப் போல் பல மடங்கு. சாதா தபாலில் போட்டால் எப்போது வரும் என்று தபால்காரருக்கும் தெரியாது. சென்னை போய்வருபவர்களிடம் சொல்லி வையுங்கள், பெட்டியில் ஆறு பிரதி தாராளமாக அடங்கும். அவசரமென்றால் இணையத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகப் படிக்கலாம்.

4. மண்டேலாவில் முப்பது பக்கம்

‘லாங் வாக் டு ஃப்ரீடம்’ 1994இல் வந்த புத்தகம், அறுநூறு பக்கத்துக்கு மேல். பயப்படாதீர்கள், சிறுவயதுப் பகுதி போதும். தந்தை இறந்தபிறகு அவர் ம்கெகெஸ்வெனி என்ற இடத்தில் தெம்பு மக்களின் அரசப் பொறுப்பாளர் ஜொங்கிந்தாபாவின் வீட்டில் வளர்கிறார். அங்கே நடக்கும் கூட்டங்களை விவரிக்கும் பக்கங்கள்தான் நமக்கு வேண்டியவை. பொறுப்பாளர் எல்லாரையும் வரவேற்று, எதற்காக அழைத்தேன் என்று சொல்கிறார். அதற்கப்புறம் கூட்டம் முடியும்வரை வாய் திறப்பதில்லை. அவரை முகத்துக்கு நேராகக் குறை சொல்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில் எல்லாரும் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறார். ஒத்துவராவிட்டால் இன்னொரு கூட்டம்.

அங்கே பெண்கள் இரண்டாம் தரமாகவே கருதப்பட்டார்கள் என்பதையும் மண்டேலா மறைக்காமல் எழுதுகிறார். எங்கள் கூட்டம் நடக்கும்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று அப்போதுதான் எட்டிப் பார்த்தேன்.

இந்தப் பகுதியைப் படித்த அடுத்த கூட்டத்திலிருந்து எங்கள் தலைவர் கடைசியில்தான் பேசுகிறார். முதல் தடவை அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும், தண்ணீர் குடித்தே பொழுதைப் போக்கினார். இரண்டாம் கைப் பிரதி இங்கே எங்கும் கிடைக்கும். நான் 80 ராண்டுக்கு வாங்கினேன்.

5. இலவசமாகக் கிடைக்கும் தாள்கள்

இதற்கு ஒரு வாரம் போதும். மூன்று தாள். 1996 அரசியலமைப்பில் 1ஆம் பிரிவும் 195ஆம் பிரிவும். 195 பொது நிர்வாகத்தின் விழுமியங்களைப் பட்டியலிடுகிறது. அடுத்தது 1997இல் வந்த ‘பாதோ பேலே’ கோட்பாடுகள். மக்களே முதலில் என்பது அந்தச் சொல்லின் பொருள். மொத்தம் எட்டுத்தான். அவற்றில் ஒன்று, சேவையில் தவறு நேர்ந்தால் மன்னிப்புக் கேட்டு உடனே சரிசெய்ய வேண்டும் என்பது. உள்துறை அலுவலக வரிசையில் நின்றவர்கள் இதைப் படித்து ஒரு மூச்சு சிரித்துவிட்டு, அப்புறம் நம் கோயில் அலுவலகத்துக்குப் பொருத்திப் பாருங்கள்.

மூன்றாவது தாள் அரசுடையது இல்லை: தென்னாப்பிரிக்க இயக்குநர்கள் கழகத்தின் கிங் அறிக்கை, அமைப்புகளை ஒழுங்காக நடத்துவதற்கான நெறிமுறை. 2016இல் வந்த நான்காம் பதிப்பில் எல்லா அமைப்புக்கும் பொருந்தும் கோட்பாடு பதினாறு. லாபநோக்கற்ற அமைப்புகளுக்கென்றே துணைப்பகுதியும் இருக்கிறது. முதல் கோட்பாட்டையும் அந்தத் துணைப்பகுதியையும் படித்தால் போதும். நேர்மை, திறமை, பொறுப்பு, பதில்சொல்லும் கடமை, நியாயம், வெளிப்படை என்று ஆறு குணங்களை அது தலைமைக்குச் சொல்கிறது. 2025இல் ஐந்தாம் பதிப்பும் வந்துவிட்டது, எடுக்கும்முன் நடப்பில் உள்ள பதிப்பு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2009 பதிப்பின் நகலை இன்னமும் சிலர் கையில் வைத்துச் சுற்றுகிறார்கள்.

6. இப்போது மேலாண்மைப் புத்தகம், அதுவும் இரவலில்

நான் முதலில் வாங்கியவை இந்த வகைதான். ஆறாவது இடத்தில் படித்தால் சுவைக்கின்றன. மூன்று போதும்.

ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய ‘தி சர்வன்ட் ஆஸ் லீடர்’ ஒரு சிறு கட்டுரை. ஏடிஅண்ட்டி தொலைபேசி நிறுவனத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முதலில் தொண்டன், தலைமை அதற்குப் பிறகு என்பது அவர் வாதம். கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் யார் அண்டா தூக்குகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கட்டுரையை முழுதாக வாங்குங்கள். மேற்கோள்களை மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதில் பயனில்லை.

ஜேம்ஸ் மக்ரெகர் பர்ன்ஸின் ‘லீடர்ஷிப்’, 1978. கொடுக்கல் வாங்கலாக நடக்கும் தலைமை ஒன்று, தலைவரையும் தொண்டரையும் சேர்த்தே உயர்த்தும் தலைமை இன்னொன்று என்று பிரித்துக் காட்டியது. தடி. முதல் அத்தியாயங்களோடு நிறுத்தினேன், வருத்தமில்லை.

எட்கர் ஷைனின் ‘ஆர்கனைசேஷனல் கல்ச்சர் அண்ட் லீடர்ஷிப்’, 1985இல் முதல் பதிப்பு. ஓர் அமைப்பின் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பார்க்கிறார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்வது, யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்புவது. எங்கள் கைப்பிடி விவகாரம் இதில் அப்படியே உட்கார்ந்தது. தெரிவது ஒலிபெருக்கி. சொல்வது முதியோர் நலன். சொல்லாமல் நம்புவது, பத்துப் பேர் பார்க்கும் செலவே செலவு என்பது. ஷைனை ஆண்டின் தொடக்கத்தில் படித்திருந்தால் இது எனக்கு உறைத்திருக்காது.

நூலக உறுப்பினராக அடையாள அட்டையும் மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். கிளையில் இல்லாத புத்தகத்தை வேறு கிளையிலிருந்து வரவழைக்கக் கேட்கலாம். எனக்கு மூன்று வாரம் ஆனது, அதனால் முதல் வாரமே கேட்டு வையுங்கள். புதிதாக வாங்கினால் ஒன்று 350 முதல் 600 ராண்ட் வரை போகிறது. புத்தகத்துக்கும் இங்கே 15 சதவீதம் வாட் உண்டு. முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுக்கும் யோசனையை யாராவது கட்டாயம் சொல்வார்கள். விழுமியம் படிப்பதற்குத் திருட்டு நகலா என்று கேளுங்கள், அடங்கிவிடுவார்கள்.

7. கவிழ்ந்தவர்களையும் படியுங்கள்

புத்தகம் வாங்க வேண்டாம், பழைய செய்திகள் போதும். மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், சிறப்பு ஆகிய நான்கும் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் அறிவித்துக்கொண்ட விழுமியங்கள். 2001 டிசம்பரில் திவாலானது. நம் ஊரில் ஸ்டைன்ஹாஃப் நிறுவனம், 2017 டிசம்பரில் கணக்கு மோசடி வெளியாகிச் சரிந்தது. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியும் அதில் நஷ்டப்பட்டது.

மறுபக்கத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன். 1943இலேயே தன் கடமைகளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்த நிறுவனம். 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ அதன் டைலனால் மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அதே நிறுவனம் பிற்பாடு டால்கம் பவுடர் வழக்குகளில் சிக்கியதையும் சேர்த்தே படியுங்கள். 664ஆம் குறளை அன்று எங்கள் குழுவில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி யாரும் கேட்காமலே சொன்னாள்: ‘சொல்லுதல் யார்க்கும் எளிய’.

8. எப்போது, எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு

நாள் குறிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தைப்பூசக் காவடி முடியும்வரை யாருக்கும் மூச்சு விட நேரமில்லை. ஈஸ்டர் வார இறுதியில் பாதிப்பேர் இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவில் இருப்பார்கள். ஆடி பிறந்தால் கூழ், புரட்டாசியில் சனிக்கிழமை விரதம், அப்புறம் தீபாவளி. ஆகவே ஈஸ்டர் முடிந்த வாரம் தொடங்கி ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்முன் முடித்துவிடுங்கள். அலமாரி வேலையை ஈஸ்டருக்கு முன்பே செய்துகொள்ளலாம்.

ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஒன்றரை மணி நேரம். தலைவர், பொருளாளர், செயலாளர், குழுவில் இல்லாத இரண்டு பெண்கள், இருபது வயதுக்குள் ஒருவர் என்பது எங்கள் கலவை. பொருளாளர் வராவிட்டால் தொடங்காதீர்கள். பேச்செல்லாம் கடைசியில் காசில்தான் வந்து நிற்கும்.

குறிப்பேட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் போட்டுவிட்டார், பழைய வழக்கு ஒன்று புதிதாகக் கிளம்பியது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, பெயர்களை மறைத்து எழுதிக்கொண்டு வாருங்கள். மூத்தவர் ஒருவர், “நம்மைக் குற்றம் சொல்லத்தானே இந்த வாசிப்பு?” என்று நிச்சயம் கேட்பார். சபையில் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், கையில் எதாவது பலகாரம் இருக்கட்டும். இன்னொருவர், ஒருநாள் பயிற்சிக்கு நல்ல பேச்சாளரைத் தெரியும் என்பார். அந்தக் கட்டணத்துக்கு ஆறு பேர் மூன்று ஆண்டு படிக்கலாம்.

எங்கள் செலவு: நகலும் அச்சும் 310 ராண்ட், சென்னையிலிருந்து வந்த ஆறு சத்திய சோதனைக்கு 420, இரண்டாம் கை மண்டேலா இரண்டு 160, கிரீன்லீஃப் கட்டுரை 280, தேநீரும் பிஸ்கட்டும் சேர்ந்து 250. மொத்தம் 1,420. கோயில் கணக்கில் எழுத வேண்டாம், ஆளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுங்கள். கைப்பிடிக்கு ஆனது 1,150 ராண்ட். வெல்டிங் செய்யும் தம்பி கூலி வாங்கவில்லை, இரும்புக்கு மட்டும் பில் கொடுத்தார். அந்த பில் டப்பாவில் போகவில்லை, கோப்பில் இருக்கிறது.